காரீயம்

தமிழில் ‘கார்’ என்றால் கருமை. மேகத்துக்கும் மழைக்காலத்துக்கும் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டோம். ஈயத்தில் இரண்டு வகை இருந்ததால் வெளுத்ததை வெள்ளீயம் என்றும் கறுத்ததைக் காரீயம் என்றும் பிரித்தார்கள். நம் வீடுகளில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். காரீயத்தை அடுப்படிப் பக்கமே விடக்கூடாது. அது உடம்புக்குள் போனால் லேசில் வெளியே வராது. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மோட்டார் வண்டி வந்தபிறகு ‘கார்’ என்றால் யாருக்கும் மேகம் நினைவுக்கு வருவதில்லை. ஆனாலும் பெயர்ப்பொருத்தம் தற்செயலாக அமைந்துவிட்டது. இன்று உலகம் பயன்படுத்தும் காரீயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பேட்டரிகளுக்குத்தான் போகிறது. கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் முன்பக்க மூடிக்கு அடியில் சில கிலோ காரீயத்தைச் சுமந்துகொண்டு அலைகிறோம்.

மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுகிறோம். கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்துக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. என் கணக்கில் அது ஒரு காயம் இடம்மாறிய கதை. வண்டி ஓட்டுகிறவனின் மணிக்கட்டில் இருந்த காயம், அவன் ஒருநாளும் பார்த்திராத ஒருவரின் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை.

*

நின்றுபோன எஞ்சின் தானாகக் கிளம்பாது. யாராவது முதலில் அதைச் சுற்றிவிட வேண்டும். பெட்ரோலும் காற்றும் உள்ளே இழுக்கப்பட்டு, அமுக்கப்பட்டு, பொறி விழுந்து, முதல் வெடி வெடித்த பிறகுதான் அது தன் காலில் நிற்கும். 1886ல் கார்ல் பென்ஸ் தன் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு அந்த முதல் சுற்று மனிதக் கையால்தான் நடந்தது. வண்டிக்கு முன்னால் ஓர் இரும்புக் கம்பி. அதைச் செருகிச் சுழற்ற வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய லாரி ஓட்டுநர்கள் அதை ‘ஹேண்டில் அடிக்கிறது’ என்பார்கள்.

ஹேண்டில் சில சமயம் திருப்பி அடிக்கும். பொறி ஒரு நொடி முந்தி விழுந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். கம்பியைப் பிடித்திருக்கும் கை முறியும். மணிக்கட்டுக்கு மேலே, கட்டைவிரல் பக்கத்து எலும்பில் வரும் ஒருவகை முறிவுக்கு ஆங்கில மருத்துவ நூல்களில் இன்றைக்கும் ‘ஓட்டுநர் முறிவு’ என்றுதான் பெயர். எலும்பு மருத்துவத்தில் ஒரு தொழிலின் பெயரே நிற்கிற அளவுக்கு அத்தனை கைகள் முறிந்திருக்கின்றன. அதனால் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் விரலைப் பற்றியது. கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றி மடக்கக்கூடாது, மற்ற நாலு விரலோடு சேர்த்து வைக்க வேண்டும். கீழ்நோக்கி அமுக்கக்கூடாது, மேல்நோக்கி இழுக்க வேண்டும். திருப்பி அடித்தால் கை தானாக விடுபட்டுவிடும்.

அமெரிக்காவில் கேடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர் 1908ல் இறந்தார். வழியில் நின்றுபோன ஒரு வண்டிக்கு உதவப்போய், ஹேண்டில் திருப்பி அடித்த காயத்திலிருந்து அவர் மீளவில்லை என்றும், இனிமேல் தன் வண்டி எவரையும் காயப்படுத்தக்கூடாது என்று லேலண்ட் முடிவெடுத்தார் என்றும் மோட்டார் வரலாற்றில் ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு வளர்ந்திருந்தாலும் விளைவு உண்மை. சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் மின்சாரத்தால் எஞ்சினைச் சுற்றிவிடும் கருவியைச் செய்து கொடுத்தார். 1912ம் ஆண்டு கேடிலாக் வண்டிகள் அந்தக் கருவியோடு வந்தன.

கெட்டரிங் அதற்குமுன் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர். கல்லாவைத் திறக்கும் மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஒரு நொடி முக்கி உழைத்தால் போதும். அப்படியென்றால் சின்ன மோட்டாரையே அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம். எஞ்சினுக்கும் இதே கணக்குத்தான். சில நொடி முரட்டு வேலை, அப்புறம் ஓய்வு. அந்தச் சில நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைச் சட்டென்று கொட்டுகிற ஒரு பெட்டி வேண்டும். பெட்டி ஏற்கெனவே இருந்தது. 1859ல் பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே இரண்டு காரீயத் தகடுகளுக்கு இடையே துணி வைத்து, பாய்போலச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கினார். மின்சாரம் ஏற்றினால் வாங்கிக்கொண்டது, கேட்டால் திருப்பித் தந்தது. 1881ல் கமில் ஃபோர் காரீய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டில் அப்பி, அதன் கொள்ளளவைக் கூட்டினார். இன்று நம் காரில் இருக்கும் பேட்டரியைப் பிளாந்தேயிடம் காட்டினால் அவருக்கு அடையாளம் தெரியும். தகடு, அமிலம், நடுவே தடுப்பு. அறைக்கு 2 வோல்ட், ஆறு அறைக்கு 12.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அன்றைக்கே மின்சாரக் கார்கள் ஓடின, அவையும் பெரும்பாலும் காரீய பேட்டரியில்தான் ஓடின. ஹேண்டில் அடிக்க வேண்டாம் என்பதற்காகவே பலர் அவற்றை வாங்கினார்கள். பெட்ரோல் வண்டிக்குள் ஒரு சின்ன பேட்டரி புகுந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. பேட்டரி வண்டியைத் தோற்கடித்ததில் பேட்டரிக்கும் பங்கு உண்டு.

*

இந்தியாவில் இந்தப் பெட்டி வெகுகாலம் வெளிநாட்டுப் பெயரோடுதான் புழங்கியது. கல்கத்தாவுக்கு வடக்கே ஷியாம்நகரில் 1946ல் ஒரு பேட்டரித் தொழிற்சாலை வந்தது. அடுத்த ஆண்டு அசோசியேட்டட் பேட்டரி மேக்கர்ஸ் என்ற பெயரில் பதிவான நிறுவனம், 1972ல் குளோரைடு இந்தியா ஆகி, 1995ல் எக்ஸைடு இண்டஸ்ட்ரீஸ் ஆனது. ஆனால் கடைகளில் பெட்டியின் பெயர் முன்பிருந்தே எக்ஸைடுதான். நம் பக்கம், பேட்டரியிலிருந்து சக்தி வாங்கி எஞ்சினைச் சுற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார்களைச் செய்வதற்காக 1961ல் சென்னையில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியது. 1985ல் ராமச்சந்திர கல்லா திருப்பதி அருகே அமர ராஜாவைத் தொடங்கினார். 2000ல் அமரான் வந்தது.

இந்தப் பெயர்களுக்கு நடுவில் பேட்டரிக் கடை என்ற ஒன்றும் மாறியது. பழைய பேட்டரிக் கடையை மூக்கால் கண்டுபிடிக்கலாம். பேட்டரி வெறும் பெட்டியாக வரும். கடையில் ஆசிட் ஊற்றி, முதல் சார்ஜ் போட்டு, ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிப் பார்ப்பார்கள். குமிழ் 1.28க்குப் பக்கம் மிதந்தால் முழு சார்ஜ். கடைப்பையன்களின் சட்டையில் பொத்தல் விழுந்திருக்கும். கார்க்காரர்கள் மட்டும் வாடிக்கையாளர்கள் இல்லை. கல்யாணத்துக்கு மைக்செட் கட்டுகிறவர், பேட்டரி ரேடியோ வைத்திருந்த தோட்டத்துக்காரர், டிராக்டர்க்காரர் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் போட வந்தார்கள். 2012 வாக்கில் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு நீண்டபோது இன்வெர்ட்டர் வந்து, அதே காரீயப் பெட்டி நடுவீட்டுக்குள் ஏறியது.

பின்பு தகட்டில் சேர்க்கும் ஆன்டிமனிக்குப் பதிலாகக் கால்சியம் வந்தது. தண்ணீர் ஆவியாவது குறைந்தது. மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிற வேலை கார்களில் ஏறக்குறைய ஒழிந்தது. மூடிய பெட்டி வந்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்ற எண்ணமே மூடிக்கொண்டது. ஆசிட் பார்த்த தலைமுறைக்கு அது ஆபத்தான சாமான். நமக்கு அது ‘மாத்துற’ சாமான்.

கம்பம் பள்ளத்தாக்கில் பேட்டரிக்கு ஒரு போட்டியாளர் இருந்தது: சரிவு. விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏறும் ஜீப்புகளை இங்கே எல்லோரும் பார்த்திருப்பார்கள். பழைய டீசல் ஜீப்புக்கு ஒருதரம் ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரமே வேண்டாம். அதனால் ஓட்டுநர்கள் பேட்டரியை மாற்றுவதைத் தள்ளிப்போட்டார்கள். மேலே போய் வண்டியை நிறுத்தும்போது மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்துவது, சக்கரத்துக்கு ஒரு கல் கொடுப்பது. சாயங்காலம் கல்லை எடுத்தால் வண்டி உருளும். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். மலையே ஸ்டார்ட்டர்.

இன்றைய கார் அப்படிக் கிளம்பாது. எரிபொருள் பம்பு, ஊசி, கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் தள்ளியும் பயனில்லை. கைக்கு மாற்றாக வந்த பெட்டி, இப்போது அது இல்லாவிட்டால் ரிமோட்டில் கதவின் பூட்டுகூடத் திறக்காது என்ற இடத்துக்கு வந்திருக்கிறது.

*

மேகமலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். சின்னமனூரிலிருந்து தென்பழனி சோதனைச்சாவடி தாண்டி, 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஹைவேவிஸ். கீழே திராட்சைத் தோட்டத்து வெயில். மேலே தேயிலை, அணை, மூடுபனி. காரோடு வந்த கம்பெனி பேட்டரிக்கு நாலு வருடம் ஆகியிருந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக், டக்’ என்ற சத்தம் மட்டும்.

சின்னமனூரிலிருந்து புது பேட்டரியோடு ஏறி வந்த மெக்கானிக் முதலில் மல்ட்டிமீட்டரை வைத்தார். “பன்னெண்டு ரெண்டு காட்டுதுண்ணே. பாத்தா உசுரு இருக்கிற மாதிரிதான் இருக்கும். இப்ப சாவியத் திருப்புங்க.” திருப்பினேன். “எட்டுக்கு இறங்குது பாருங்க. செல்லு போயிருச்சு.”

“நேத்து கீழ நல்லாத்தானே ஓடுச்சு?”

“கீழ வெயில்ல செத்துருச்சுண்ணே. மேல வந்துதான் தெரிஞ்சிருக்கு.”

அவர் சொன்னது சரியான வேதியியல். வெப்பம் கூடக்கூட உள்ளே நேர்த்தகட்டின் சட்டம் அரிபடுகிறது, நீர் குறைகிறது. பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெயில். குளிரில் அமிலத்தின் வினை மந்தமாகும், எஞ்சின் எண்ணெயும் தடிக்கும். குறைவாகக் கொடுக்க முடிகிற நேரத்தில் அதிகமாகக் கேட்கும். சமவெளியில் மூன்று கோடை தாங்கிய பேட்டரி மலையில் ஒரு ராத்திரியில் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

புது பேட்டரியின் மேல் 38பி20எல் என்று அச்சிட்டிருந்தது. ஜப்பானியத் தரக்குறி. சுசுகியோடு சேர்ந்து 1983 டிசம்பரில் வந்த மாருதி 800க்குப் பின்னால் ஜப்பானிய அளவுகள் நம் கடைகளில் சாதாரணமாகிவிட்டன. 38 என்பது திறன், பி என்பது அகலமும் உயரமும் சேர்ந்த வகை, 20 என்பது சென்டிமீட்டரில் நீளம், எல் என்பது முனைகள் எந்தப் பக்கம் என்பதற்கான குறி. இந்தக் கடைசி எழுத்து மாறினால் பெட்டி தட்டில் சரியாக உட்காரும், வயர் எட்டாது. எந்தக் கம்பெனி பேட்டரியும் எந்தக் காரிலும் உட்கார முடிவது இந்தக் குறிகளால்தான். கார்க் கம்பெனிகளும் பெரும்பாலும் பேட்டரியை வெளியிலிருந்து வாங்கித்தான் வைக்கின்றன. புதுக்காரிலேயே அது விருந்தாளி.

பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து முதலில் கறுப்பு வயரைக் கழற்றினார். “கழட்டுறப்ப கறுப்புக்கு முதல் மரியாதை. மாட்டுறப்ப செகப்புக்கு.” திருவிழாவில் யாருக்கு முதலில் பரிவட்டம் என்பதுபோலச் சொன்னாலும் காரணம் கனமானது. காரின் உடம்பு முழுக்கக் கறுப்போடு, அதாவது எதிர்முனையோடு, இணைந்திருக்கிறது. கறுப்பு மாட்டியிருக்கும்போது சிவப்பில் இருக்கிற ஸ்பானர் பக்கத்து இரும்பில் பட்டால் மொத்த மின்னோட்டமும் ஸ்பானர் வழியாகப் பாயும், கை வெந்துபோகும். கறுப்பை எடுத்துவிட்டால் சிவப்பு எதில் பட்டாலும் பயமில்லை.

முனைகளில் பூத்திருந்த வெண்பச்சைப் பொடியை ஆப்பசோடா கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவினார். அமிலத்துக்குச் சோடா மாற்று. புதுப்பெட்டியைத் தட்டில் வைத்து, மேலே வரும் கிளாம்பை இறுக்கினார். “நெறைய பேரு இத லூசா விட்டுருவாங்க. மலை ரோட்டுல குலுங்கிக் குலுங்கி உள்ள தகடு உதுந்துரும்.” சிவப்பு, பிறகு கறுப்பு, கடைசியில் இரண்டின் மேலும் வாஸ்லின். வாரண்டி அட்டையில் தேதி. காரின் கடிகாரம் அழிந்து பழையபடி தொடக்கத்துக்குப் போயிருந்தது. எஞ்சின் ஒரே திருப்பில் கிளம்பியது.

பில்லில் பழைய பேட்டரிக்கு என்று ஒரு தொகை கழித்திருந்தார்கள். பழையதைத் தன் வண்டியில் ஏற்றும்போது அவர் சொன்னார்: “காயலான் கடையில போட்டா இதுக்கு மேலயே தருவான்ணே. எங்க ஓனர் விடமாட்டாரு.”

மலையிறங்கும்போது அந்த ஒரு வாக்கியம்தான் கூடவே வந்தது. காயலான் கடை ஏன் அதிகம் தருகிறது?

*

பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். உருக்கினால் அப்படியே திரும்பப் புது பேட்டரியாகும். இத்தனை முழுமையாக மறுசுழற்சி ஆகும் சாமான் வேறு அதிகம் இல்லை. நம் காரில் இருக்கும் ஈயம் ஒருகாலத்தில் ஒரு லாரியில், அதற்குமுன் ஓர் இன்வெர்ட்டரில் இருந்ததாகவும் இருக்கலாம். கேட்க அழகாக இருக்கிறது. உருக்குகிற இடத்தைப் பொறுத்து அந்த அழகு மாறும்.

முறையான ஆலையில் மூடிய இயந்திரத்தில் பெட்டியை உடைப்பார்கள். அமிலத்தை நடுநிலையாக்குவார்கள். உலைப் புகையை வடிகட்டுவார்கள். தொழிலாளியின் ரத்தத்தை அவ்வப்போது சோதிக்க வேண்டும். இத்தனைக்கும் செலவு உண்டு. முறையற்ற இடத்தில் ஒரு கோடாலி, ஒரு கரியடுப்பு, ஓர் இரும்புச் சட்டி போதும். அமிலம் மண்ணில் கொட்டப்படும், புகை காற்றில் போகும், தூசு வேலை செய்கிறவரின் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையின் விரலில் ஒட்டும். செலவே இல்லாததால் அவர்களால் பழைய பேட்டரிக்கு அதிக விலை கொடுக்க முடிகிறது. காயலான் கடை கூட்டிக் கொடுக்கும் அந்தச் சில நூறு ரூபாய், யாரோ ஒருவரின் உடம்பிலிருந்து எடுத்து நம் கையில் தரும் பணம்.

2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் செனகல் நாட்டின் டாக்கர் நகரப் புறப்பகுதி ஒன்றில் 18 குழந்தைகள் இறந்தார்கள். ஏன் என்று முதலில் புரியவில்லை. அங்கே மண்ணில் பழைய பேட்டரி ஈயம் கலந்திருந்தது. சனங்கள் அந்த மண்ணை அள்ளி வந்து வீட்டு வாசலில் சலித்து ஈயம் எடுத்திருக்கிறார்கள். ஒருவரும் பேட்டரியை உடைத்து வீசுகிற அளவுக்கு வசதியானவர்கள் இல்லை. கிடைத்த வேலை அது. 2020ல் யூனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாகக் கணக்கிட்டது. ஏறக்குறைய 80 கோடிக் குழந்தைகள். அதில் சுமார் 27.5 கோடி இந்தியாவில். முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை முக்கியமான காரணங்களில் ஒன்றாக அது சொல்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இங்கே கெட்டரிங் மறுபடி வருகிறார். ஜெனரல் மோட்டார்ஸில் அவர் தலைமையில் இருந்த ஆய்வுக்கூடத்தில்தான், 1921 டிசம்பரில், தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சின் தட்டுவது நிற்கும் என்று கண்டார். வண்டியின் பேட்டரிக்கு ஒரு ஈயம், டாங்குக்கு ஒரு ஈயம். இரண்டு வாசலிலும் ஒரே மனிதரின் நிழல். டாங்கிலிருந்த ஈயத்தைத் துரத்த ஏறக்குறைய நூறு வருடம் போராட வேண்டியிருந்தது. இந்தியாவில் 2000ல் ஈயமில்லாப் பெட்ரோல் நாடு முழுக்க வந்தது. 2021ல் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது. புகைக்குழாய் வழியாக எல்லார் மூக்குக்கும் போனதால் அந்த ஈயம் எல்லாருக்குமான பிரச்சினையாக இருந்தது. பேட்டரி ஈயம் அப்படிப் பரவவில்லை. உருக்குகிற தெருவில் மட்டும் இறங்குகிறது. அதனால் அதை ஒழுங்குக்குக் கொண்டுவர அவசரப்படுகிறவர்களும் குறைவு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001ல் வந்த பேட்டரி விதிகள் விற்கிறவர்களே பழையதைத் திரும்ப வாங்க வேண்டும் என்றன. பில்லில் வரும் கழிவுத்தொகைக்கு அப்போது சட்டத்தின் துணையும் கிடைத்தது. 2022ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் ஒருபடி மேலே போய், பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவருகிற நிறுவனமே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்றன. பேட்டரி கடைக்குத் திரும்பினால்தான் இந்த விதிகளுக்குக் கை கால் முளைக்கும்.

மின்சாரக் கார் வந்துவிட்டால் இது தானாக ஒழியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல மின்சாரக் கார்களிலும் பெரிய லித்தியம் பேட்டரியோடு விளக்குக்கும் பூட்டுக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் காரீய பேட்டரி இருக்கிறது. அதுவும் மூன்று நான்கு வருடத்தில் இறங்கும், அதையும் மாற்றுவோம்.

ஆகவே என் பங்குக்குச் சில பழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். பில் போடாத கடையில் பேட்டரி வாங்குவதில்லை. பழையதை வீட்டு மூலையில் வைத்து, விலை ஏறட்டும் என்று காத்திருப்பதில்லை. வாங்குகிற கடையிலேயே கொடுத்துவிட்டு, “இது எங்க போகும்ணே?” என்று கேட்கிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிலர் கம்பெனி வண்டி வந்து எடுத்துக்கொண்டு போவதைச் சொல்லி, ரசீதையும் காட்டுகிறார்கள். ரசீது காட்டுகிற கடைக்கு அடுத்தமுறையும் போகிறேன். காயலான் கடை தருவதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். ஹேண்டில் அடிக்காமல் வண்டி ஓட்டுவதற்கு அந்த வித்தியாசத்தைக் கொடுக்கலாம்.